தவுக்கே கழுத்தில் மாலை

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நான் வழக்கமாக எழுந்து போய்விடுகிற ஆள். புத்திமதி என்பது கேட்கிறவர்களைவிடச் சொல்கிறவர்களுக்குத்தான் இனிக்கும். ஆனால் போன மாதம் உங்கள் அறைக்கு வந்திருந்தபோது ஒரு தம்பி திரையைப் பார்த்துக்கொண்டே, "பேஷண்ட் நல்லாத்தான் இருக்காரு ஆன்ட்டி, நம்பர் எல்லாம் கிளீன் லா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அவன் மேல் கோபமில்லை, நல்ல பையன். அந்த "நல்லாத்தான் இருக்கு" என்ற பேச்சுதான் எனக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன், டீ ஆறிக்கொண்டிருந்தது. இப்போது சொல்கிறேன், உட்காருங்கள்.

என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வரி. இதய அறுவை சிகிச்சையில் இதயத்தை நிறுத்தி வைக்கிற நேரம், ரத்தத்தை வெளியே எடுத்து, அதற்கு மூச்சு ஊட்டி, மறுபடி உடம்புக்குள் தள்ளுகிற இயந்திரம் ஒன்று ஓடும். அதை ஓட்டினவள் நான். பினாங்குத் தீவில் ஒரே ஆஸ்பத்திரியில் என் காலம் முழுக்க அதுதான். "என் மக டாக்டருக்குப் பக்கத்துல மோட்டார் ஓட்டறா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் தப்பில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பம்பு செய்ய இறங்கியபோது என்னையும் இழுத்துக்கொண்டார்கள். தளர்ந்துபோன இதயத்தின் இடது பக்கத்தில் பொருத்தினால், இதயம் தள்ளமுடியாத ரத்தத்தை அது தள்ளும். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். தீவிலிருந்து பாலம் தாண்டினால் வருகிற பிறை என்ற ஊரில் ஒரு பட்டறையில் அதன் பாகங்களைக் கடைந்தார்கள். இந்த மாதிரிப் பம்பு வெளிநாட்டில் எப்போதோ வந்துவிட்டது. ஆனால் அதை வாங்குகிற விலைக்கு செபராங் ஜெயாவில் ஒரு வீடே வாங்கலாம். நம்மூர் லாரி டிரைவருக்கும் பேக்டரி ஆளுக்கும் எட்டுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்பது எங்கள் பெரிய டாக்டரின் ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி என்றே சொல்லலாம்.

பெரிய டாக்டர் பினாங்கிலேயே பல தலைமுறையாக இருக்கும் செட்டிநாட்டுக் குடும்பத்துக்காரர். சுத்த சைவம். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் கன்றுக்குட்டியின் நெஞ்சைத் திறந்து பம்பு வைத்தார். மனிதனுக்கு வைக்கும் முன்னால் அப்படித்தான் பார்த்தாக வேண்டும். கன்றின் நெஞ்சும் இதயமும் ஏறக்குறைய நம் அளவு.

அதற்கு ஒரு விதி இருந்தது. கன்று பம்போடு மூன்று மாதம் வாழவேண்டும். மூன்று மாதம் முடிந்ததும், அது சோர்ந்து படுத்திருந்தாலும் சரி, துள்ளிக் குதித்தாலும் சரி, ஊசி போட்டுத் தூங்கவைத்து ஒவ்வொரு உறுப்பாக அறுத்துப் பார்க்கவேண்டும். முதலில் இதைக் கேட்டபோது, செத்ததை அறுத்துப் பார்க்கட்டும், பிழைத்ததை எதற்குக் கொல்ல வேண்டும் என்று சண்டைக்கே போனேன். என்னோடு சண்டை போட யாரும் வரவில்லை. விதி அப்படியே இருந்தது.

முதல் மூன்று கன்றுகள் அந்த விதிவரைக்கும் போகவே இல்லை. ஒன்று அறுவை மேசையிலேயே போனது. ஒன்றுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஒன்றுக்குக் கிருமி ஏறிவிட்டது. நான்காவதுதான் தவுக்கே.

கன்றுகளுக்குப் பெயர் வைக்கக்கூடாது, எண் மட்டும்தான் என்பது இன்னொரு விதி. நிபோங் திபாலைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் கொட்டகை. அங்கே மாட்டைப் பார்த்துக்கொண்டவர் மாரிமுத்து அண்ணன். ஒரு நாள் நான் போனபோது அவர், "தவுக்கே, காலைத் தூக்குங்க" என்று அதன் குளம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். நம்மூரில் கடை முதலாளியை அப்படித்தானே கூப்பிடுவோம்.

"என்ன அண்ணே, பேரு வைக்கக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"இது பேரு இல்ல லா தங்கச்சி, பதவி. நின்ன எடத்துக்குத் தீனி வருது. சுத்தி ஆறு பேரு கைகட்டி நிக்கறோம். மொதலாளி இல்லாம வேற யாரு?"

அதற்குமேல் யாருக்கும் அது எண்ணாக இல்லை. பெரிய டாக்டரே தொலைபேசியில், "தவுக்கே சாப்பிட்டாச்சா?" என்றுதான் விசாரிப்பார். நான் போகும்போதெல்லாம் கிரீம் பிஸ்கட் எடுத்துப் போவேன். என் பைச் சத்தம் கேட்டால் போதும், கழுத்தை நீட்டிவிடும்.

இதே காலத்தில் தீவில் எங்கள் வார்டில் கணேசன் என்று ஒருவர் படுத்திருந்தார். நாற்பதைத் தாண்டிச் சில வருடம். பிறையில் பேக்டரியில் போர்க்லிப்ட் ஓட்டினவர். இதயம் உப்பித் தளர்ந்து, நாலு எட்டு நடந்தால் நீலம் பூத்துவிடுவார். அவருடைய கோப்பில் காரணம் குடி என்று எழுதியிருந்தது. சின்ன வயதில் குடித்தவர்தான், மறுக்கவில்லை. மகள் பிறந்த பிறகு விட்டுவிட்டார். அவர் குடியை விட்டாலும் அந்தப் பேர் அவரை விடவில்லை. பார்க்க வருகிற சொந்த அண்ணனே கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "அன்னிக்கு ஆடுன ஆட்டம், இன்னிக்குப் படுத்துட்ட" என்பார். கணேசன் ஜன்னலைப் பார்ப்பார்.

மனைவி அமுதா, அதே பிறையில் வேறு பேக்டரியில் ஷிப்ட் வேலை. மகள் ஷாலினி படிவம் இரண்டு, பதினாலு வயது. ஓட்டக்காரி. பள்ளிக்கூடத்துக்காக மாநில அளவில் ஓடுகிறவள். ஓடி ஜெயித்த பதக்கத்தைக் கொண்டுவந்து அப்பாவின் ட்ரிப் கம்பியில் மாட்டிவைத்திருந்தாள். தாதிகள் எடுக்கச் சொன்னால் முறைப்பாள். வெளிநாட்டுப் பம்புக்கு உதவி கேட்டு மனு போட்டிருந்தார்கள், பதில் வரவில்லை. மாற்று இதயத்துக்கும் வரிசையில்தான் இருந்தார். வரிசை நகரவில்லை, அவர்தான் தேய்ந்துகொண்டே போனார்.

அந்த வருடம் மாட்டுப் பொங்கல் அன்று மாரிமுத்து அண்ணன் கொட்டகைக்கு வெளியே கல் கூட்டிப் பானை வைத்துவிட்டார். தவுக்கே பம்போடு இரண்டு மாதத்தைத் தாண்டிய சமயம். நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் பெரிய சாமந்தி மாலை. விலாவிலிருந்து பம்பின் கம்பி வெளியே வந்து ஒரு பெட்டிக்குப் போகும், அந்தப் பெட்டிக்கும் ஒரு பொட்டு. உலகத்தில் வேறெந்த ஆராய்ச்சிக் கூடத்திலும் இந்தக் கூத்து நடந்திருக்காது. எங்கள் கால்நடை மருத்துவர் ஒரு மலாய்க்கார அம்மா, ரப்பர் பூட்ஸும் தலைத்துணியுமாக வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். தொலைந்தோம் என்று நினைத்தோம். "கம்பி வெளியே வர்ற எடத்துல மஞ்சள் படக்கூடாது" என்று மட்டும் மலாயில் சொல்லிவிட்டு, ஒரு தொன்னைப் பொங்கலை வாங்கிக்கொண்டு போனார். மாலையில் பாதியைத் தவுக்கே தின்றுவிட்டது.

எங்கள் இளம் பொறியாளன் பிரகாஷ் அதைப் படம் பிடித்து, தன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். "மெஷின் வெச்ச மாடு. ரெண்டு மாசமா சூப்பர் ஹெல்த்தி. ஹேப்பி பொங்கல்!" அவ்வளவுதான் எழுதினான். அவனுக்குப் பெருமை, பாவம். முதல் மூன்று கன்றும் போனபோது சாப்பிடாமல் கிடந்தவன் அவன்.

படம் எப்படிப் போனது என்று யாருக்குத் தெரியும். அத்தையிடமிருந்து அத்தையின் சிநேகிதிக்கு, அங்கிருந்து பேக்டரிக் குழுவுக்கு. ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி கேண்டீனில் நான் மீ கோரிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அமுதா எதிரே வந்து உட்கார்ந்து கைபேசியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மாலையும் கழுத்துமாகத் தவுக்கே.

"அக்கா, இது உங்க மாடுதானே?"

"ஆமாம்" என்றேன்.

"பொழச்சிருச்சுல்ல? நல்லாத்தானே இருக்கு? அப்ப அந்த மெஷின எங்க வீட்டுக்காரருக்கு வைங்க."

"அமுதா, மாடு வேற, மனுசன் வேற..."

"மனுசனுக்கு வைக்கத்தானே மாட்டுக்கு வெச்சுப் பாக்கறீங்க? நீங்கதானே அன்னிக்கு எனக்கு வெளக்கிச் சொன்னீங்க?"

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் பாதி நாள் லீவு போட்டுப் பாலம் தாண்டி வந்திருக்கிறார். தட்டை அப்படியே வைத்துவிட்டு, எழுந்து பெரிய டாக்டரிடம் போனேன்.

அவர் மறுநாளே எல்லோரையும் கூப்பிட்டார். இப்படிச் சாகக் கிடக்கிற ஒருவருக்கு, வேறு வழியில்லை என்றால், சோதனை முடியாத கருவியைக்கூட வைக்கலாமா என்று நெறிமுறைக் குழுவிடம் விசேஷ அனுமதி கேட்க முடியும். குழு எங்களைத்தான் கேட்கும்: கருவி பாதுகாப்பானதா? பெரிய டாக்டர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். வைக்கவேண்டும் என்ற துடிப்பு அவர் முகத்திலேயே இருந்தது.

பிரகாஷ், ரத்தப் பரிசோதனை ஒன்றுகூடத் தப்பில்லை என்றான். சிறுநீரகம், ஈரல் எல்லாம் சரி. பம்பின் ஓட்டமும் சரி. நானும் வைக்கலாம் என்றுதான் சொன்னேன். என் கண்முன் கன்றுக்குட்டி பிஸ்கட் தின்கிறது, கணேசனால் ஒரு டம்ளரைத் தூக்க முடியவில்லை. வேறு என்ன சொல்வேன்?

மாட்டு டாக்டரம்மா கடைசியாகத்தான் வாயைத் திறந்தார். "கித்தா பெலும் தெங்கோக் டாலாம்" என்றார். நாம் இன்னும் உள்ளே பார்க்கவில்லை.

"நல்லாத்தானே இருக்கு, டாக்டர்?" இது நான்.

"மாடு சொல்லாது. வலின்னு சொல்லாது, தலை சுத்துதுன்னு சொல்லாது. நின்னு தின்னும். வெளியே நல்லா இருக்கறது அதோட குணம், பம்போட குணம் இல்ல."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "கெடு முடியிறவரைக்கும் காத்திருந்தா, அந்த மனுசன் இருக்கமாட்டாரு" என்றார்.

"அப்ப காத்திருக்க வேணாம். இப்பவே பாத்துடுவோம்."

அதன் அர்த்தம் எல்லோருக்கும் விளங்கியது. தவுக்கேயை முன்கூட்டியே கொன்று அறுத்துப் பார்ப்பது. உள்ளே சுத்தமாக இருந்தால் அடுத்த வாரம் கணேசனுக்குப் பம்பு. இல்லாவிட்டால் இல்லை. ஒரு உயிரைக் கேட்டு இன்னொரு உயிருக்குப் பதில் வாங்குவது. பெரிய டாக்டர் சரி என்றார்.

குறித்த நாள் காலையில் கொட்டகைக்குப் போனோம். மாரிமுத்து அண்ணன் தவுக்கேயைக் குளிப்பாட்டித் துடைத்து வைத்திருந்தார். காய்ந்த சாமந்தி இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, மாலை போட்டு ஒரு வாரங்கூட ஆவல. அந்தக் கையால கயித்தப் புடிச்சுக் குடுக்க என்னால ஆவாது. நீங்க செய்யறது தப்புன்னு சொல்ல வரல. என்னால ஆவாது, அவ்ளோதான்."

அவர் செம்பனைப் பக்கம் நடந்து போய்விட்டார். யாரும் தடுக்கவில்லை. கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும். பழகாத கை பிடித்தால் மிரளும், கம்பி பிய்ந்துவிடும். நான் பிடித்தேன். பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தேன். அது வாங்கித் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று என் உள்ளங்கையை நக்கியது. டாக்டரம்மா மெதுவாக பிஸ்மில்லா சொல்லி ஊசியைப் போட்டார். பெரிய டாக்டர் அதன் நெற்றியில் கைவைத்து ஏதோ முணுமுணுத்தார், என்னவென்று நான் கேட்கவில்லை. முன்னங்கால் மடிந்தது. அதன் பாரம் முழுக்கக் கயிற்றில் வந்தது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன், வெட்கமே இல்லாமல்.

பிறகு அறுத்துப் பார்த்தோம். இதயம் சுத்தம். நுரையீரல் சுத்தம். ஈரல் சுத்தம். ஒவ்வொன்றாக வெளியே வரவர, எனக்குள் கணேசன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டே வந்தார். அமுதாவுக்கு எப்படிப் போன் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன். அப்புறம் டாக்டரம்மா சிறுநீரகத்தை இரண்டாகப் பிளந்து தட்டில் வைத்தார்.

சிவப்பாக இருக்கவேண்டிய சதையில், ஆப்பு அடித்த மாதிரி வெளிறிய தழும்புகள். ஒன்றில்லை, பல. இன்னொரு சிறுநீரகத்திலும் அப்படியே. பம்பைப் பிரித்தால், சுழலி உட்காரும் இடத்தைச் சுற்றி மெல்லிய ரத்தக்கட்டி வளையம். அதிலிருந்து துணுக்கு துணுக்காகக் கிளம்பி, ஓட்டத்தோடு போய்ச் சிறுநீரகத்தில் அடைத்திருக்கிறது. சிறுநீரகத்துக்குத் தாங்கும் சக்தி அதிகம், கொஞ்சம் செத்தாலும் மிச்சம் சமாளித்துவிடும். அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த துணுக்கு மூளைக்குப் போயிருந்தால்? மாடு அப்போதும் நின்று தின்றிருக்குமோ என்னவோ. கணேசன்?

பெரிய டாக்டர் குழாயடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினார். திரும்பி வந்து, "வேண்டாம்" என்றார்.

அமுதாவிடம் சொல்ல இரண்டு பேரும் போனோம். நடந்தது அத்தனையும் பெரிய டாக்டரே சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. அமுதா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப மாட்டையும் கொன்னுட்டீங்க. இவருக்கும் இல்ல."

"ஆமாம்மா" என்றார் பெரிய டாக்டர்.

அந்தப் பதிலை நான் மறக்கவே மாட்டேன். அது அப்படியில்லை, இது இப்படியில்லை என்று சமாதானம் சொல்லியிருக்கலாம். நாங்கள் எவ்வளவோ பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறோம். அவர் சொல்லவில்லை. அமுதா அழுது முடிக்கிறவரைக்கும் நின்றார்.

பம்பை வைத்திருந்தால் கணேசன் பிழைத்திருப்பாரா என்று நீங்கள் கேட்பீர்கள். பக்கவாதத்தில் போயிருக்கலாம். ஆறு மாதம் நன்றாக வாழ்ந்து மகளின் ஓட்டத்தை மைதானத்திலேயே பார்த்திருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால் அவர்களை நம்பாதீர்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்று நிற்பதுதான் நம் வேலையில் ஆகக் கஷ்டமானது.

ஒன்றிரண்டு நாள் கழித்து கணேசன் என்னைக் கூப்பிட்டுவிட்டார். பேச்சு விட்டு விட்டுத்தான் வந்தது.

"அக்கா, அந்த மாடு... என்ன திங்கும்?"

"புல்லு, தவிடு. கிரீம் பிஸ்கட்டுன்னா உயிரு."

சிரித்தார். பிறகு, "வெளிய நல்லா இருந்துச்சு, உள்ள வேறயா இருந்துச்சு. அப்படித்தானே?" என்றார். தலையாட்டினேன். "நான் போனப்பறம் என்னையும் தொறந்து பாத்துருங்க. குடிச்சுத்தான் கெட்டுச்சான்னு. நான் விட்டு எத்தன வருசம். எனக்குத் தெரியாமப் போனாலும் இவளுக்காவது தெரியட்டும்."

அமுதா அவர் வாயைப் பொத்தப் போனார், பொத்தவில்லை. கம்பியில் மாட்டியிருந்த பதக்கத்தை நேராக்கிவிட்டார்.

தைப்பூசம் முடிந்த வாரம் கணேசன் இறந்துபோனார். நம் ஆட்களைப் பற்றிச் சொல்லவேண்டுமா? உடம்பை முழுசாக அனுப்பவேண்டும், கத்தி படக்கூடாது என்று அண்ணன்காரர் வார்டு வாசலில் நின்று குதித்தார். "உயிரோட இருந்தப்ப ஒண்ணும் பண்ணல, இப்ப எதுக்குடா வெட்டறீங்க?" அமுதா நடுவில் வந்து நின்றார். "அவரு கேட்டுட்டுப் போனாரு. அந்த வாயில்லா ஜீவனத் தொறந்து பாக்கலாம், குடிகாரன்னு நீங்க பேரு வெச்ச மனுசனத் தொறந்து பாக்கக்கூடாதா?" அண்ணன்காரர் வாசலை விட்டு ஒதுங்கினார். நெஞ்சை மட்டும் பார்க்க அமுதா சம்மதித்தார்.

முடிவு வந்தபோது பெரிய டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். கணேசனின் இதயத்தில் தசை இருக்கவேண்டிய இடங்களில் கொழுப்பும் நாரும் ஏறியிருந்தது. குடியால் வருகிறது இப்படி இருக்காது. இது பிறவியிலேயே வருகிற ஒரு நோய். தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பாக மாறும். கடைசிக் கட்டத்தில் பார்த்தால் குடித்துக் கெட்ட இதயம் மாதிரியே வெளியே தெரியும். நாங்களும் வெளியே பார்த்து, ஒரு காலத்தில் குடித்தவன்தானே என்று முடிவு கட்டியிருந்தோம்.

"குடும்பத்துல வரும்" என்றார். "இது உள்ளவங்க ஓடக்கூடாது. ஓடறப்பதான் இதயம் தறிகெட்டுத் துடிக்கும், அப்படியே விழுந்துருவாங்க."

எனக்கு ட்ரிப் கம்பியில் தொங்கின பதக்கம் ஞாபகம் வந்தது.

அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு பிறைக்குப் போனோம். கருமாதி முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது, சாமி மேசையில் கணேசன் படத்துக்கு விளக்கு எரிந்தது. ஷாலினி அப்போதுதான் பயிற்சி முடிந்து வந்திருந்தாள். வேர்த்து வழிய வாசலில் நின்று பாட்டில் தண்ணீரைக் கடகடவென்று குடித்தாள். பளபளவென்று இருந்தாள். அந்தப் பிள்ளையைப் பார்த்து நோய் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

குடியால் கெட்ட இதயம் இல்லை என்று பெரிய டாக்டர் முதலில் சொன்னார். அமுதா எழுந்து போய், படத்துக்கு முன்னால் நின்று, "கேட்டுக்கிட்டீங்களா?" என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார். பிறகு பெரிய டாக்டர் மிச்சத்தையும் சொன்னார். மகளைப் பரிசோதிக்கவேண்டும். முடிவு தெரிகிறவரை ஓடக்கூடாது. அடுத்த வாரம் மாநிலப் போட்டி இருந்தது, அதுவும் கூடாது.

அமுதா மகளைத் திரும்பிப் பார்த்தார். வாய் திறந்தது. என்ன வார்த்தை வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், தவுக்கேயைப் பற்றிப் பேசின கூட்டத்தில் அதே வார்த்தையை நானும் சொன்னவள்தானே. அவர் அதைச் சொல்லவில்லை.

"உள்ள பாத்துருங்க அக்கா" என்றார்.

பார்த்தோம். ஸ்கேனில் ஆரம்ப அறிகுறி இருந்தது. ஷாலினியின் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்று வைத்தார்கள். இதயம் தறிகெட்டுத் துடித்தால் அது மின்சாரத்தால் ஒரு அடி கொடுத்து நேராக்கும். ஓட்டம் அதோடு நின்றது. அந்தப் பிள்ளை ஓட்டக் காலணியை வீட்டுக்கு முன்னாலிருந்த சாக்கடையில் வீசிவிட்டாள். நான் பார்க்கப் போனபோது, "மாட்டக் கொன்ன ஆன்ட்டிதானே நீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. ஓட்டம் போனது போனதுதான், அதற்கு ஈடாக நான் எதைக் கொடுப்பேன்? கோபப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

பம்பைத் திருப்பிச் செய்தார்கள். சுழலியைச் சுற்றி ரத்தம் தேங்காமல் ஓட இடைவெளியை அகலமாக்கினார்கள். பிரகாஷ் அந்த வேலையில் ராப்பகலாக உட்கார்ந்தான், அதன்பிறகு எந்தக் குழுவிலும் எந்தப் படமும் போடவில்லை. பின்னால் வந்த கன்றுகளின் சிறுநீரகம் சுத்தமாக இருந்தது. இன்றைக்கு நீங்கள் மனிதர்களுக்கு வைத்து ஓட்டுகிற பம்பில் அந்த இடைவெளி இருக்கிறது. அதை யார் கண்டுபிடித்தது என்று யாராவது கேட்டால், தவுக்கே என்று சொல்லுங்கள். மாரிமுத்து அண்ணன் மறு மாதமே கொட்டகைக்குத் திரும்பினார். வருடா வருடம் மாலையும் போட்டார், மாலை போட்ட கையால் ஒருநாளும் கயிறு பிடித்ததில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை. சில பேருக்குச் சில வேலை ஆகாது. அதை மதிக்கத் தெரியாவிட்டால் நம்மிடம் ஒருவரும் நிற்கமாட்டார்கள்.

போன வருடம் ஒரு காலை, செபராங் ஜெயா பாசாரில் கங்கோங் கீரை பொறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஷாலினி. இப்போது பிறையில் ஒரு ஆபீசில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். எப்போதாவது கூப்பிடுவாள், அதிகம் பேசமாட்டாள். அன்றைக்குக் குரலே வேறு மாதிரி இருந்தது.

"ஆன்ட்டி, அடிச்சிருச்சு."

"என்னம்மா அடிச்சிருச்சு?"

"நெஞ்சுல இருக்கறது. ஆபீஸ் படி ஏறிக்கிட்டு இருந்தேன். திடீர்னு கண்ணு இருட்டிருச்சு. செத்தேன்னு நெனச்சேன். அப்ப ஒண்ணு விட்டுச்சு பாருங்க... மாடு எட்டி ஒதச்ச மாதிரி இருந்துச்சு ஆன்ட்டி. எந்திரிச்சுட்டேன். ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன், செக் பண்ணிட்டாங்க, ஒண்ணும் இல்லையாம்."

கீரைக்காரரின் முக்காலியில் அவரைக் கேட்காமலே உட்கார்ந்துவிட்டேன். இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போனேன், அதற்குள் அந்தப் பக்கம் போன் கை மாறியது. அமுதா. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

"கேட்டீங்களா அக்கா, மாடு ஒதச்சுச்சாம்" என்றார். "ஒதைக்கட்டும் அக்கா. நல்லா ஒதைக்கட்டும்."